கேட்காமல் வரைந்த முகம்

போனில் படம் வரையப் பழகத் தொடங்கி இன்றோடு இருபத்தாறு நாட்கள். கண், மூக்கு எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. நிழல் தீட்டினால் மட்டும் முகத்தில் கரி அப்பிய மாதிரி ஆகிவிடும்.

இன்று மாலை ஹட்டனில் கடை வேலை முடிந்து டிக்கோயா பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து வரிசையில் ஜன்னலோரமாக ஓர் அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. கேட்காமலேயே வரையத் தொடங்கினேன். முதன்முறையாக நிழல் சரியாக வந்தது.

திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"என்னய படம் புடிக்கிறீங்களா தங்கச்சி?"

"இல்லக்கா, கேம் வெளயாடுறேன்."

எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததோ.

அவர் முகம் தெளிந்தது. "மன்னிச்சுக்கங்க, தப்பா நெனச்சுட்டேன். சுத்திப் பாக்க வர்றவங்க கேக்காமலே போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. எங்க போடுறாங்கன்னுகூட நமக்குத் தெரியாது. நீங்க நம்ம புள்ள, அப்படிச் செய்வீங்களா?"

என் அம்மாவும் கொழுந்து பறிப்பவர்தான். அம்மாவை அப்படிப் படமெடுத்த ஒருவரோடு நானே சண்டை போட்டிருக்கிறேன்.

அவர் இறங்குவதற்குள் இன்னும் மூன்று தரிப்பிடங்கள் இருந்தன. உண்மையைச் சொல்ல அது தாராளம். நான் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படத்தை இந்தப் பதிவில் போடப்போவதில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. நாளையும் அதே பஸ்தான், அவரைக் கண்டால் காட்டத்தான் வேண்டும்.

"அக்கா, அந்தக் கேமைப் பாக்குறீங்களா?" என்று தொடங்கினால் அடி விழுமா?