காது குத்தாமல் போட்ட காதுகுத்து விருந்து

ஒரு வயதுக்குள் காது குத்திவிட்டால் பிள்ளை வீறிட்டு அழும், பால் குடித்துத் தூங்கிவிடும், கதை முடிந்தது. என் மகளுக்கு அந்த வயதில் மலேசியா முழுக்கக் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. நாங்கள் கோல சிலாங்கூரில், தாய்மாமனான என் அண்ணன் கலும்பாங்கில். மாவட்டம் தாண்ட முடியாது. மாமன் மடியில் உட்காராமல் காது குத்துவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். பிறகு அண்ணனுக்கு லோரி வேலை, அப்புறம் ஒரு சாவுத் தீட்டு, அப்புறம் நாள் சரியில்லை. தள்ளித் தள்ளி மகளுக்கு ஆறு வயதாகிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பயப்படத் தெரியும்.

ஒருவழியாகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாள் குறித்தோம். சபாக்கிலிருந்து என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் வேன் பிடித்து வந்தார்கள். காது குத்தும் பத்தர் கம்பியைத் துடைத்து வைத்துத் தயாராக இருந்தார். அண்ணன் மடியில் உட்கார்ந்ததும் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். கொழுந்தனார் காலைப் பிடிக்க வந்தார். அவள் போட்ட சத்தத்தில் ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எல்லாரும் கைய எடுங்க," என்றார் அண்ணன். "பிள்ளை வேணாங்குது. இன்னிக்கு வேணாம்லா. வாங்க, சாப்பிடுவோம்."

சாப்பிடுவோமாம்! குத்தாத காதுக்கு வடை பாயசத்தோடு விருந்து. என் மாமியாரின் அக்கா தங்கத் தோடு வாங்கி வந்திருந்தார். கிளம்பும்போது, "கல்யாணத்துக்காவது போட்டுக்கட்டும்" என்று நீட்டினார். எனக்கு மானமே போய்விட்டது.

அதிலிருந்து அண்ணன் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். கலும்பாங் என்ன பக்கத்துத் தெருவா? வந்து உட்காருவார். மகள் மடியில் ஏறிக்கொள்வாள். இரண்டு பேரும் ஹென்போனில் பூனை வீடியோ பார்ப்பார்கள். காதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவேன், அதுவும் அவர் காதில் விழாது.

"கேட்டீங்களா அண்ணே?"

"கேக்கல."

"எப்பதான் கேப்பீங்க?"

"அதுவா சொல்லும்மா. நீ கறிய பாரு."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். என் அண்ணனுக்குப் பூமி வேண்டாம், என் கோழிக்கறி போதும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் "குத்தியாச்சா?" என்று கேட்கும்போது நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது முன்னறையில் மகள் பேசுவது கேட்டது. போன வருஷம் கொழுந்தனார் மகனுக்குக் காது குத்தியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தம்பிய எல்லாரும் அமுக்கிப் பிடிச்சாங்க மாமா. விடுங்க விடுங்கன்னு கத்துனான். யாருமே விடல. எங்கம்மாதான் கால பிடிச்சாங்க."

"ஊசிக்குப் பயமில்லையா?"

"ஊசி கொஞ்சந்தான் வலிக்கும்."

"அப்ப யாரும் பிடிக்கலன்னா?"

அவள் யோசித்தாள். "நீங்ககூட பிடிக்கக் கூடாது."

"சரி."

கத்தியோடு நான் வெளியே வந்தேன். "பிடிக்காட்டி ஆட்டுவா. ஓட்டை கோணலாப் போச்சுன்னா யார் பாக்கறது?" அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்றவள் நான், கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லையா?

யாரும் பிடிப்பதில்லை என்ற பேச்சில் மறுபடியும் கோயிலுக்குப் போனோம். இந்த முறை வேனும் இல்லை, விருந்தும் இல்லை. அண்ணன் மடியில் மகள் உட்கார்ந்தாள். அண்ணன் தன் கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டார். மகள் திரும்பி அதைச் சரிபார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள், அவர் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"அம்மா கை?"

அண்ணன் எழாமலே, தேங்காய் பழத்தோடு இருந்த தாம்பாளத்தைக் கண்ணால் காட்டினார். "அத ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிக்கம்மா."

தூக்கிப் பிடித்தேன். மகள் தலையை ஆட்டி, பத்தரிடம் காதைக் காட்டினாள்.

கம்பி இறங்கியதும் "ஆ" என்றாள். கண்ணீர் ஓடியது, தலை அசையவில்லை. மறு காதையும் அவளே திருப்பிக் கொடுத்தாள். பத்தர் எழுந்துவிட்டார், அண்ணன் சிரித்தார். பிள்ளையை வாரி அணைக்க ஓர் அடி எடுத்து வைத்தேன். அவளாகவே என்னைக் கூப்பிடட்டும் என்று, தாம்பாளத்தை இறக்காமல் நின்றேன்.