ரவை வரை

துளசி அழைத்தபோது நான் இல்ஃபோர்ட் நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "யார் சொன்னது?" என்பது. தாயின் பக்கத்தில் இருக்கும் மகளிடம் கேட்கிற கேள்வியா அது? துளசி கோபிக்கவில்லை. "நான்தான் சொல்லுறன், அன்ரி. பக்கத்திலைதான் இருக்கிறன்" என்றாள். இரண்டு ரயில்கள் வந்து போயின. மூன்றாவதிலும் நான் ஏறவில்லை.

"ஆர் சொன்னது? எங்கை எழுதியிருக்கு?" என்பது துளசியின் அம்மா தவமலர் அக்காவின் கேள்வி. பல ஆண்டுகள் அவருடன் ஒரு சிறிய மாத இதழை நடத்தியதில் அது என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவருடைய சாவுச் செய்திக்கே அதைக் கேட்பேன் என்று நினைத்ததில்லை.

தகன மண்டபத்தில் எனக்குப் பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல மனுசி. நேர்மையான மனுசி. எண்டாலும் அந்த ரவை விஷயத்திலை சறுக்கிப்போட்டா, என்ன?" என்றார் ஒருவர். "ஓமோம். பத்திரிகை நடத்திறவை கவனிக்க வேணும்" என்றார் மற்றவர். நான் திரும்பவில்லை. அந்தப் பிழை என்னுடையது என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று தெரிந்தும் முன்னால் இருந்த பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி துளசி கேட்டபோது ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அந்த இருவருக்கும் இந்த மலரில் ஒரு பிரதி போய்ச் சேரும் என்பதுதான்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் கொள்முதல் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாற்காலி முதல் குப்பைத் தொட்டி வரை ஒரு பெருநகரத்தின் ஒரு துண்டுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிப் போட்டவர். சனிக்கிழமைகளில் கிங்ஸ்பரியில் அவருடைய சமையலறை மேசைதான் இதழின் அலுவலகம். நான் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள், அகதி வழக்குத் தீர்ப்பாயங்களில் மொழிபெயர்ப்பாளர். இதழுக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் பங்கு. என்னை முதல் நாளே "நீர்" என்று அழைத்தார். மேடை நாடகங்களில் அரசர்கள் மட்டுமே பேசும் சொல் என்று நான் நினைத்திருந்தது அது. "என்ன சிரிக்கிறீர்? நீ எண்டு சொல்ல உம்மை எனக்குத் தெரியாது. நீங்கள் எண்டு சொல்ல நீர் அவ்வளவு பெரிய ஆளுமில்லை" என்றார். இந்த நகரத்தில் என்னை அப்படி அழைக்க வேறு யாரும் இல்லை. கடந்த ஒரு மாதமாக அந்த ஒரு சொல்லுக்காக என் காது காத்திருக்கிறது. பேருந்தில் யாராவது யாழ்ப்பாணத் தமிழில் பேசினால் நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் போகிறேன்.

இனி அந்த ரவை விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க மத்திய அரசின் காவல் அமைப்புகள் துப்பாக்கி ரவைகளை மொத்தமாக வாங்குவது பற்றி ஒரு விவாதம் எழுந்தது. சொந்த மக்களுக்கு எதிராக அரசு ஆயுதம் குவிக்கிறது என்றார்கள் ஒரு சாரார். காவலர்களின் சுடும் பயிற்சிக்கு வேண்டியதைச் சேர்த்து வாங்கினால் மலிவு, அவ்வளவுதான் என்றார்கள் மறுசாரார். அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் ஓர் அரசின் ரவைகளுக்குத் தப்பி வந்தவர்கள். எந்த அரசு எவ்வளவு ரவை வாங்கினாலும் அது அவர்களுக்கு உள்ளூர்ச் செய்திதான்.

நான் முதலில் "தோட்டா" என்றுதான் எழுதியிருந்தேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "தோட்டா படத்திலை வாறது. ரவை எண்டு எழுதும், எங்கடை சனத்துக்கு விளங்கும்."

"எங்க வீட்ல ரவைன்னா உப்புமாதான் கிண்டுவோம், அக்கா."

"எங்கடை வீட்டிலையும் கிண்டினனாங்கள். ஆனால் ரேடியோவிலை சொன்னால் உயிருக்குப் பயந்து பங்கர் குழிக்கை ஓடினனாங்கள்" என்று சொல்லிவிட்டு, மேசையைத் தட்டிச் சிரித்தார். அவருடைய சிரிப்புக்குத் தேநீர்க் கோப்பைகள் ஆடும்.

மாற்றினேன். "இத்தனை கோடி தோட்டாக்கள் வரை வாங்க ஒப்பந்தம்" என்று இருந்தது, "இத்தனை கோடி ரவை வரை வாங்க ஒப்பந்தம்" என்று ஆனது. அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே வேண்டிய அளவு ஊர் சுற்றிவிட்டது. ரவை வரை. வாசித்துப் பார்த்தபோது நாக்குத் தடுக்கியது. எழுத்துகள் இடம் மாறி இரண்டு முறை விழுந்த அச்சுப்பிழைபோலத் தெரிந்தது. நல்ல வசனத்தில் இப்படி ஒரு கல் எதற்கு என்று "வரை"யை எடுத்துவிட்டேன். எவர் சொன்னதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. என் சொந்த வசனத்தை நான் சந்தேகிக்கவில்லை.

இதழ் இரண்டே நாளில் கடைகளில் தீர்ந்தது. தலைப்பைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அது கனடா போய் எனக்கே திரும்பி வந்தது. இல்ஃபோர்டில் ஒரு கடைக்காரர், "பாத்தீங்களோ, அவங்களும் துவங்கீட்டாங்கள்" என்றார். மறைத்து என்ன பயன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அக்கா பேருந்திலிருந்து அழைத்தார். கிங்ஸ்பரி மண்டபத்தில் நடக்கவிருந்த எங்கள் மாதாந்த விவாதக் கூட்டத்துக்காக மூல ஆங்கிலத்தைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கோமதி, வரை எங்கை?"

"எந்த வரை, அக்கா?"

"ரவைக்குப் பக்கத்திலை நிண்ட வரை."

"காதுக்கு நல்லா இல்லைன்னு எடுத்துட்டேன்."

பேருந்தின் அறிவிப்புக் குரல் அடுத்த நிறுத்தத்தைச் சொன்னது. பிறகு, "உப்புக் கதை உமக்குச் சொன்னனானோ?" என்றார். சொல்லியிருக்கவில்லை. மாரிகாலத்தில் பனி உறையாதபடி தெருக்களில் தூவ உப்பு வாங்குவதும் அவருடைய வேலை. ஒருமுறை, இத்தனை டன் வரை என்று சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். "அந்த மாரி பனியே கொட்டேல்லை. ஒரு லொறி உப்பும் நாங்கள் எடுக்கேல்லை. கடதாசியிலை மட்டும் ஒரு மலை உப்பு. நீர் எழுதியிருந்தால் கவுன்சில் மலையை வாங்கிப்போட்டுது எண்டு எழுதியிருப்பீர். வரை எண்டது உச்சம், கோமதி. அதுக்கு மேலை போகேலாது. அதுக்குக் கீழை எவ்வளவு எண்டது தேவைப்படேக்கைதான் தெரியும்."

திருத்தத்தை, உப்புக் கதையையும் சேர்த்து, அவரே எழுதினார். முதல் பக்கத்தில், பிழை இருந்த அதே அளவு எழுத்தில், "அந்தச் சொல் விடுபட்டது என் தவறு" என்று தன் பெயரைப் போட்டு. "என் பேரைப் போடுங்க" என்றேன்.

"உம்மடை வேலை என்ன?"

"தெரியாத மாதிரி கேக்கிறீங்க."

"அங்கை ஒருத்தன்ரை சீவியம் உம்மடை வாயிலை நிக்குது. சொல்லை விழுத்திற ஆள் எண்டு பேர் வந்தால் பிறகு உம்மை ஆர் கூப்பிடுவினம்? என்னை ஆரும் வேலையாலை நிப்பாட்டேலாது. நான் உப்பு வாங்கிறனான்."

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

திருத்தம் வெளிவந்த பிறகு நடந்த விவாதத்துக்குக் கிங்ஸ்பரி மண்டபத்தில் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். திருத்தம் பலருக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறார் என்றார்கள். "உப்பு அக்கா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, சிரிப்பு எழுந்தது. பிறகு ஒருவர் எழுந்தார். அவர் பெயர் வேண்டாம். பின்னாளில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டவர். "அக்கா, உங்கடை தம்பியின்ரை உயிரையும் ஒரு அரசாங்கத்தின்ரை ரவைதான் எடுத்தது. அதுவும் பயிற்சிக்கு வாங்கினதோ?" என்று கேட்டார்.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவருடைய விரல்கள் தெரிந்தன. ஆனால் குரல் உயரவில்லை.

"தம்பி, வரை எண்டு எழுதினால் அவங்கள் அப்பாவியள் எண்டு நான் சொல்லேல்லை. எவ்வளவு எடுத்தவை, பயிற்சியிலை எவ்வளவு சுட்டவை, மிச்சம் எங்கை, பயிற்சிக்கு ஏன் உடம்புக்கை விரியிற வகை ரவை? எல்லாத்தையும் கேளுங்கோ, நானும் கேக்கிறன். கேக்க ஏலும், ஏனெண்டால் அவங்கள் எழுதிப் போட்டிருக்கிறாங்கள். நாங்கள் பிழையாய்க் கேட்டால் அவங்களுக்குப் பதில் சொல்லுறது சுகம். என்ரை தம்பியைச் சுட்ட ரவையை எந்தக் கடதாசியிலை எழுதினவை? அதை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

யாரும் கை தட்டவில்லை. மூன்றாவது வரிசையில் நான் இருந்தேன். எழுந்து, "அந்தச் சொல்லை எடுத்தது நான்" என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். மற்றவர்களுடைய வார்த்தைகளை நாள் முழுவதும் உரக்கச் சொல்லிப் பிழைக்கிற எனக்கு, என்னுடைய நான்கு சொற்கள் வரவில்லை.

அதற்குப் பிறகு சில கடைகள் இதழை வாங்கி வைக்க மறுத்தன. ஓர் ஆண்டுக்குள் நிறுத்திவிட்டோம். அக்கா ஓய்வுபெற்று, கோலியர்ஸ் வுட்டில் துளசியின் வீட்டுக்குப் போனார். நான் மாதம் ஒருமுறை போவேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

கடைசியாக நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து, மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பேனாவோடு வாசித்துக்கொண்டிருந்தார். "இதை எழுதினவனுக்குக் காற்புள்ளி எண்டால் என்னெண்டு தெரியாது" என்றார். மெலிந்திருந்தார். எனக்கு அன்று என்ன தோன்றியதோ, "அந்த வரையை நான் எடுத்திருக்கக் கூடாது, அக்கா" என்றேன்.

அவர் தாளை மடித்தார். "அச்சுக்குப் போறதுக்கு முதல் நான் வாசிச்சனான், கோமதி. மூலத்தையும் பக்கத்திலை வைச்சு வாசிச்சனான். வரை இல்லை எண்டது கண்ணிலை பட்டது."

நான் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்தேன்.

"பட்டும் விட்டிட்டன். எவ்வளவெண்டாலும் வாங்குவாங்கள், வாங்கக்கூடிய ஆக்கள்தான் எண்டு நினைச்சன். தம்பியை நினைச்சனோ தெரியாது. அந்த வசனம் உண்மையாய் இருக்க வேணும் எண்டு எனக்கு ஆசையாய் இருந்தது. உமக்குக் காது. எனக்கு ஆசை. பேருந்திலை திரும்ப வாசிக்கேக்கைதான் வெக்கம் வந்தது."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீர் கேக்கேல்லை" என்றார். பிறகு அந்தப் பழைய சிரிப்பு, ஆனால் சத்தமில்லாமல். "ஊர் முழுக்க ஆர் சொன்னது, ஆர் சொன்னது எண்டு கேட்டுத் திரிஞ்சனீர். என்னை மட்டும் கேக்கேல்லை."

துளசி தேநீர் கொண்டுவந்தாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம். ரயில் நெரிசலுக்கு முன் போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும். இப்போது எதைக் கொடுத்தாலும் கிடைக்காது என்று தெரிந்தும் வேண்டும்.

தகன மண்டபத்தில் பேசிக்கொண்ட இருவருக்கும் நான் சொல்லவேண்டியது இதுதான். அந்தச் சொல்லை எடுத்தது நான். எடுத்ததைக் கண்டும் விட்டவர் அவர். பழி முழுவதையும் தனியே சுமந்தவரும் அவரே. அவருடைய பங்கை மறைத்து, என்னை மட்டும் குற்றவாளியாக்கி இதை அழகாக முடித்திருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அது இன்னொரு சொல்லை எடுப்பதுதான் என்று பட்டதால் கிழித்துவிட்டேன். இதை வாசித்த பிறகு என்னைத் தீர்ப்பாயத்துக்கு அழைக்க யாராவது தயங்கினால், அது நியாயம்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கருணையை அல்ல. அது எனக்கு உரியதும் அல்ல. எனக்குப் பிடித்துப்போன வசனத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்ற அந்த வெட்கத்தை வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தனியாகச் செய்ய எனக்கு இன்னும் பழகவில்லை. இந்தப் பக்கங்களை நான்கு தடவை வாசித்துவிட்டேன். எங்கேயோ ஒரு சொல் விடுபட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. எது என்று சொல்ல அவர் இல்லை.