அவருடைய துவக்கு லைசென்ஸ்

வெஸ்ட்கேட்டில் புதுக் கடைகள் எழும்பிக்கொண்டிருந்த வருடம், என் கணவருக்குத் துவக்குச் சுடும் ஆசை வந்தது. நாங்கள் குடியிருந்த ஏவன்டேலில் மற்ற வீட்டு ஆண்கள் ஞாயிறு காலை சந்தைக்குப் போய்க் கீரையும் மீனும் வாங்கி வருவார்கள். இவர் தெற்கே புக்கெகோஹே பக்கம் ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்து, சொந்தமாக ஒன்று வாங்க லைசென்ஸுக்கும் மனுப் போட்டுவிட்டு வந்து நின்றார். அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

நாங்கள் இருவருமே இந்த நாட்டுக்குக் குடிவந்தவர்கள். அவர் சிங்கப்பூர்க்காரர். கட்டாய ராணுவ சேவை செய்தவர். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். துவக்கை அவர் பிடிக்கிற பக்கத்திலிருந்து அறிந்திருந்தார், நான் மற்றப் பக்கத்திலிருந்து.

"நாம வந்து சேர்ந்தது சின்ன நாடும்மா. ராணுவத்துல ஆளே கம்மி. நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேருக்காவது சுடத் தெரிஞ்சிருக்க வேணாமா?" என்றார். அந்தக் கிளப்பையே பழைய காலத்தில் அதற்காகத்தான் தொடங்கினார்களாம்.

"எங்கட ஊரிலயும் எல்லாரும் ஆயத்தமாத்தான் இருந்தவை. ஓடினது நாங்கள்," என்றேன்.

இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, குற்றம் கண்டுபிடிக்கவென்றே கூடப் போனேன். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், எழுபது வயதுப் பெண் ஒருவர் என்று வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று கத்தலாம். கத்தினால் அத்தனை பேரும் நிறுத்தியே ஆக வேண்டும். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம், லைசென்ஸ் கொடுக்கலாமா என்று விசாரிக்க போலீஸ் அனுப்பிய மனிதர் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லை, கம்பளிச் சட்டை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். துவக்கை வைக்க அலமாரிக்குள் சுவரோடு முடுக்கியிருந்த இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். பிறகு கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். இவர் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனார்.

இந்த வீட்டில் துவக்கு இருப்பது எனக்குச் சம்மதமா என்று அந்த மனிதர் கேட்டார். இவர் கோபக்காரரா? எனக்கு ஏதாவது பயமா? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லலாம், அத்தோடு நிறுத்திவிடலாம் என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் காத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. ஊரில் எங்கள் வீட்டுக்குள் எத்தனையோ துவக்குகள் வந்து போயிருக்கின்றன. சீருடை மாறும், பாஷை மாறும். அம்மா ஒவ்வொரு முறையும் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவரோடு நிற்பாள்.

அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். நான் முகத்தைக் கழுவி, இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கோபம் வந்தால் இவர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவார் என்று உண்மையைச் சொன்னேன். என் முடிவையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதி, சரிதானா என்று எனக்கு வாசித்துக் காட்டினார்.

அவர் போனதும் கணவர் துணிக்கூடையோடு உள்ளே வந்தார். என் கண்ணைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"சரி விடு. வேணாம்னு சொல்லிட்டே, அவ்வளவுதானே? மனுவ நானே வாபஸ் வாங்கிடறேன்."

"ஓம் எண்டுதான் சொன்னனான்."

"அப்புறம் ஏன் அழுதே?"

"துவக்கு வீட்டுக்குள்ள வரலாமோ எண்டு இண்டைக்குத்தான் என்னை ஒராள் கேட்டது," என்றேன்.