மூன்றாவது பத்தி

“நீ எதப் பத்தி எழுதின, இண்டாய்?” என்று மெர்லிட்டா அத்தை அன்று கேட்டாள்.

கல்லூரியில் சேரும்போது நானும் இப்படி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். புயலைப் பற்றி என்றேன்.

“எல்லாரும் அதான். இந்த மேசைய பாரு, பத்துப் பேரு, பத்துப் புயலு. திருத்துற வாத்தியாரு நனஞ்சே போயிடுவாரு.”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புயல்தான் என்று இல்லை, கல்யாணத்தைப் பற்றிக்கூட எழுதலாம் என்றேன்.

“அது நாலு பத்தி வராது. ரெண்டாவது பத்தியிலேயே அந்த ஆளு பலாவான் தீவுக்கு ஓடிட்டான்.”

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கிய பிறகு குரலைத் தாழ்த்தி, “புயலன்னிக்கு நான் ஊர்லயே இல்லையே. இல்லாதவ என்னன்னு எழுதறது?” என்றாள். நான் என் நோட்டைப் புரட்டினேன். “உன் வாயில என்ன, கருவாடா காயுது?” என்று கேட்டுவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டு வர எழுந்து போனாள்.

எங்கள் கடலோர ஊரான எஸ்தான்சியாவில் படிப்பை நடுவில் விட்ட பெரியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு நடக்கும். நான் அங்கே உதவி ஆசிரியை. அத்தை நாலாம் வகுப்போடு நின்றவள், வயது நாற்பத்தெட்டு. ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் தினக்கூலியாகப் பாத்திரம் கழுவினாள். அந்த வேலையை நிரந்தரமாக்க உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குத் தேர்வு உண்டு. தேர்வு எழுத வேண்டுமானால், வாழ்க்கையை மாற்றிய அனுபவம் ஒன்றைச் சொந்தக் கையெழுத்தில் நான்கு பத்திகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ யார், எங்கே இருந்தாய், என்ன நடந்தது, என்ன கற்றுக்கொண்டாய். அத்தை எங்கள் மொழியில் சொல்வாள், நான் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவேன், அவள் பார்த்து எழுதுவாள்.

முதல் பத்தி ஒரே நாளில் முடிந்தது. எட்டு வயதிலிருந்து மீன் காயப்போட்டவள். கல்யாணமாகிப் புருஷன் போன பிறகும் அதே மூங்கில் தட்டுகள், அதே கடற்கரை. ஒரே மகள் ஜோனலின். என் வகுப்பு, என் பெஞ்சு. இரண்டாவது பத்தியில் அத்தை இலோயிலோ நகரத்தில் ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்கக் காசு சேர்க்கத்தான் ஒரு மாதம் அங்கே போயிருந்தாள்.

மூன்றாவது பத்தி மூன்று சனிக்கிழமைகள் காலியாகவே இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை போன் செய்து, மீன் தட்டெல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சிட்டு அப்புறமா பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கு என்று மகளிடம் சொல்லியிருந்தாள். அன்று எங்கள் கரையில் எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னாள். நனைந்த மீன் இரண்டு நாளில் புழுத்துவிடும். எத்தனையோ புயல் பார்த்தவர்கள் நாங்கள். முதலில் மீன், பிறகுதான் ஆள். காலையில் பள்ளிக்கூடத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோனலினுக்கு வீட்டுப் பின்சுவர் மேல் விட்டுவந்த ஆறு தட்டுகள் ஞாபகம் வந்தன. காற்று அப்போது பெரிதாக இல்லை. “அம்மா திட்டும்டி, ஓடிப் போயிட்டு வந்துடறேன்” என்றாள். நான் அவள் பையைப் பார்த்துக்கொண்டேன். காற்று முறுக்கிக்கொண்டு வந்தபோது யாரோ வீட்டுக் கூரைத் தகரம் பறந்துவந்து அவள் மேல் விழுந்தது. அவள் பிழைக்கவில்லை.

போன் எதுவும் வேலை செய்யவில்லை. மரங்கள் விழுந்து கிடந்த சாலையில் பாதித் தூரம் நடந்து, அத்தை மூன்றாம் நாள் வந்தாள். பெண் வெளியே போயிருந்தாள் என்று மட்டும் அவளிடம் சொன்னார்கள். ஏன் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. ஏழு வருடமாக நானும் சொல்லவில்லை.

கட்டுரை திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். கடைசிச் சனிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகு, வேறு ஏதாவது எழுதுங்களேன் அத்தை என்றேன்.

“எழுதிப் பாத்தேன். எதுல ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் நிக்குது.” தாளைத் தடவிக்கொண்டே இருந்தாள். “நீதான அவ பக்கத்துல இருந்த. போறப்ப ஏதாவது சொன்னாளா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை. இரண்டு மொழி படித்தவள் நான்; தலையைக் குனிந்துகொள்ளத்தான் முடிந்தது.

“தட்டா?” என்றாள்.

“ஆமா அத்தை.”

அவள் அழவில்லை. பென்சிலை எடுத்தாள், வைத்தாள். மூன்றாவது பத்திக்கு விட்டிருந்த இடத்தில் விரலால் கோடு இழுத்தாள். எல்லா அம்மாக்களும் சொன்னதுதான், எங்கம்மாவும் சொன்னாங்க என்றேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளை என் முன்னால் நகர்த்தினாள்.

“அவ நாய்க்குட்டிய எடுக்கப் போனான்னு போடேன், இண்டாய். எங்க வீட்ல நாயே கிடையாதுன்னு அந்த வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? நீ எழுதிக் குடு, நான் பாத்து எழுதிக்கறேன்.”