கை படாமல் நிற்கும் கேமரா

வாளித் தண்ணீருக்குள் கேமராவை அமுக்கிப் பிடித்தபடி, மைதீன் கனி இடது கையால் போனை நீட்டுகிறார். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கப்பட்ட நம் முகம் திரையில் நெளிகிறது. “இப்பச் சொல்லும். மழை இத என்ன செய்யும்?” தேங்காய்ப்பட்டணத்தில் கண்காணிப்புக் கேமரா வாங்கிய எல்லோரும் ஒருமுறை அந்த வாளியைக் குனிந்து பார்த்தவர்கள்தான். உள்ளே இருப்பது நல்ல கிணற்றுத் தண்ணீர். கடல் தண்ணீரில் போட்டுக் காட்டச் சொன்ன ஒருவரை அவர் முறைத்தார்: “கடலுத் தண்ணியில ஆராவது கேமராவப் போடுவாவளா? உமக்கென்ன பிராந்தா ஓய்?” அதே கேமராவை மறுநாள் கேட்டவரின் வீட்டு மாடியில், அலை தெறிக்கும் மூலையில் மாட்டிவிட்டு வந்தார்.

ஐம்பத்து மூன்று வயது. பதினொரு ஆண்டு ரியாத்தில் இதே வேலை. “அம்பது டிகிரி வெயிலு, மண்ணுக்காத்து. அங்க நின்னது இங்க நிக்காதா மக்கா?” ரியாத்திலிருந்து கடல் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. சொன்னாலும் பயன் இருக்காது. உப்புக்காற்று என்று ஒன்று இருப்பதை அவர் கடை ஒப்புக்கொள்வதில்லை. கடைப் பெயர் ‘ஃபால்கன் விஷன்’. போர்டில் இருக்கும் ராஜாளியின் ஓர் இறக்கையை ஏற்கெனவே உப்பு தின்றுவிட்டது.

மாட்டிய பதினாலாம் மாதம் என் வீட்டு வாசல் கேமரா குருடானபோது வந்து பார்த்தார். இணைப்புகளில் பச்சைக் களிம்பு. திருகாணிகள் தொட்டதும் பொடியாயின. குற்றவாளியை உடனே கண்டுபிடித்துவிட்டார்: “உங்க வீட்டுக் கரண்டு செரியில்ல சார்.” பக்கத்து வீட்டுக் கேமரா செத்ததற்குக் காக்கை காரணம். எதிர் வீட்டில் சிலந்தி. கேமரா மட்டும் எந்த வீட்டிலும் தவறு செய்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் வள்ளக்காரர் சங்கம் மீன் ஏலக்கூடத்துக்கு நான்கு கேமரா கேட்டது. ஊருக்கே அவர் ‘காக்கா’, அதாவது அண்ணன். செயலாளர் பெர்லின் கூட்டத்தில் வைத்துக் கேட்டான்: “காக்கா, கடலுக்கும் இதுக்கும் நாப்பது அடிதான். எத்தன நாளு நிக்கும்?”

மைதீன் கனி எழுந்து நின்றார். “ரெண்டு மழக்காலம். ஒரு கை படாம நிக்கும். நிக்கலேன்னா எனக்க கடப் போர்டக் கழத்திப் போடுதேன்.”

“செல்லுதத எழுதித் தாரும்” என்றாள் ஐஸ் கடை ஜின்சி.

எழுதினார், ‘ஒரு கை படாமல்’ என்பதற்கு அடிக்கோடும் போட்டுக் கையெழுத்திட்டார்.

அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்து, வள்ளங்கள் கரை சேருவதற்கு முன்னால், அவர் ஏணியோடு ஏலக்கூடத்துக்குப் போகிறார். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு கேமராவையும் குளிப்பாட்டுவார், துவட்டுவார். இணைப்புகளில் வாஸ்லின் தடவுவார். மாத்திரை டப்பாவில் ஈரம் உறிஞ்சக் கிடக்குமே, அந்தச் சின்னப் பொட்டலத்தை வயர் பெட்டிக்குள் மாற்றி வைப்பார். யாராவது கண்டு கேட்டால், “ஆங்கிள் பாக்கேன்.” அவர் மனைவி மும்தாஜ் பேகத்துக்கு வீட்டு வாஸ்லின் தீர்கிற வேகத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. “எனக்க முட்டு வலிக்கு ஒரு நாளு தைலம் தேச்சு விட்டிருக்காவளா? அந்தக் கேமராவுக்கு உள்ள யோகம் எனக்கில்ல” என்று என் மனைவியிடம் சொன்னார். கை படாது என்று எழுதிக் கொடுத்த ஒன்றின்மேல் இவ்வளவு கை பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிந்து கெடு தீர்வதற்குப் பத்து நாளே இருந்தபோது, ஏலக்கூடத்தில் காயப்போட்ட ஒரு வலை காணாமல் போயிற்று. சங்க அறையில் டிவி முன்னால் கூட்டம் கூடியது, நானும் போயிருந்தேன். பழைய பதிவை மைதீன் கனியே ஓட்டிக் காட்டினார். வலையை எடுத்துப் போனது வலைக்காரரின் சொந்த மருமகன்தான் என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்தது. அங்கே அணைத்திருக்கலாம். ஆனால் “கொள்ளாம் காக்கா, சினிமா மாதிரி இருக்கு” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெருமை தாளாமல் அவர் மேலும் ஓட்டினார்.

திரைக்குள் ஓர் ஏணி நுழைந்தது. பிறகு வாளி. பிறகு மைதீன் கனி.

துடைக்கும்போது கேமராவின் கண்ணைத் துணி மறைத்துவிடும் என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். மற்ற மூன்றும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும் என்பது, இருபது வருடமாகக் கேமரா விற்கும் மனிதருக்குத் தோன்றவில்லை.

பெர்லின் மௌஸை வாங்கி அவர் வந்த இன்னொரு நாளைப் போட்டான். மழை பெய்கிறது, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு துடைக்கிறார். அதற்கடுத்த முறை கேமராவை ஊதுகிறார், கொதிக்கும் சாயாவை ஊதுவதுபோல.

“ஒரு கை படாமன்னு எழுதினேரே” என்றாள் ஜின்சி. “இது ஆருக்க கை காக்கா?”

“ஆங்கிள் பாக்காரு பிள்ளே” என்றான் பெர்லின். அறை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. “ஏணி எப்பிடியும் உமக்ககிட்ட உண்டு. போர்ட நாளைக்கே கழத்திரலாமா காக்கா?”

மைதீன் கனியின் காது மடல்கள் சிவந்திருந்தன. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பெர்லினிடமிருந்து மௌஸைப் பிடுங்கினார். படத்தை நிறுத்தினார்.

“சிரிச்சது மதி. ரெண்டு மழை கொண்ட கேமரா. எனக்க மூக்குல கெடக்குத மரு தெரியுதா, இல்லியா?”

துணி பிடித்த தன் கையைத் திரை நிறையும் வரை பெரிதாக்கிவிட்டு, பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று அவர் ஓரமாக விலகி நின்றார்.