பூகம்ப அக்கா வீட்டு மூட்டைகள்

அவளுக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடியோ முகம் பார்க்கும் கண்ணாடியோ, எதைக் கேட்டாலும் அளந்து, ஒரு கோடு இழுத்து, டக்கென்று உடைத்துக் கொடுத்துவிடுவாள். கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனாரும் கூடவே இருந்தார். நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடியில் வீடு.

அந்தக் கட்டடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பூகம்ப அக்கா' என்றுதான் சொல்வார்கள். அவள் படியேறி வரும் சத்தம் கேட்டால் முதல் மாடிக் கணக்கர் தன் மனைவியைப் பார்த்து, "பூகம்பம் வருது, கதவைச் சாத்து" என்பார். சாத்தாவிட்டால் அரைமணி நேரம் நிற்க வைத்து, அலமாரியைச் சுவரோடு பிணைத்தாயிற்றா என்று கேட்பாள்.

எல்லாம் ஒரு மதியப் பொழுதில் ஆரம்பித்தது. கடையில் வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தபோது தரை லேசாக ஆடியது. லாரி ஏதோ போகிறது என்று நினைத்தாள். சாய்த்து வைத்திருந்த கண்ணாடி ஒன்று வழுக்கி வந்து அவர் காலடியில் நொறுங்கியது. பாதத்தில் ரத்தம். கடையில் பஞ்சு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, சேலைத் தலைப்பைக் கிழித்துத்தான் கட்டினாள். இரண்டு தையலோடு போயிற்று. ஆனால் கண்ணிமைக்கும் நேர ஆட்டத்துக்கே இந்தக் கதி என்றால், உண்மையாகவே ஆடினால் என்ன ஆகும்? அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து முதலில் மாமனாரின் கட்டிலை ஜன்னலுக்குக் கீழிருந்து நகர்த்தினாள்.

"காத்து வர்ற இடம்மா அது" என்றார் அவர்.

"காத்து மட்டும் வந்தா பரவாயில்லை மாமா. கண்ணாடியும் சேர்ந்து வந்துச்சுன்னா?"

பிறகு வீடு மெல்ல மெல்ல மாறியது. இரும்பு பீரோவைச் சுவரில் துளை போட்டு இறுக்கினாள். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தாலும் சிதறாமல் இருக்க மெல்லிய படலம் ஒட்டினாள். ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு பையைக் கட்டினாள். பைக்குள் கெட்டியான அடி வைத்த செருப்பும் டார்ச் விளக்கும் இருந்தன. கூடத்து மூலையில் மூட்டைகள் சேர்ந்தன. வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட், போர்வைகள், கட்டுத் துணி, பேட்டரி ரேடியோ, மாமனாரின் ரத்த அழுத்த மாத்திரை, ஒரு சின்னக் கடப்பாரை என்று வளர்ந்துகொண்டே போயிற்று. சமையலறையில் மூடி போட்ட தண்ணீர் கேன்கள். பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மாதாமாதம் புதிதாக நிரப்பினாள்.

பிஸ்கட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. யார் எடுக்கிறார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை. அடுத்த தடவை சர்க்கரை இல்லாத, உப்பும் அதிகம் இல்லாத, மரத்தூள் மாதிரியான ஒரு வகையை வாங்கி வைத்தாள். குறைவது நின்றது. ஒரு வாரம் கழித்து மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நல்ல பிஸ்கட்டா கிடைக்கலையாம்மா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. அவள் தட்டில் கரண்டியால் அடித்ததும் எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கடியில் போய் மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கணவன் நல்ல உயரம். தலை உள்ளே போனால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "என் காலுக்குத் தனியா ஒரு மேசை வாங்கணும் போல" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பான்.

அவனுக்கு அவள் சொல்லி வைத்தது வேறொரு பாடம். "ஓட்டிட்டு இருக்கும்போது ஆடுச்சுன்னா பாலத்துக்கு மேலயும் கீழயும் நிக்காதீங்க. கரண்ட் கம்பி இல்லாத வெட்டவெளியா பார்த்து நிறுத்துங்க. அப்புறம் வீட்டுக்கு வராதீங்க. பள்ளிக்கூட மைதானத்து கேட்டுக்கு வாங்க. நாங்க அங்கதான் இருப்போம்."

"சரிங்க மேடம்" என்பான். கேட்டுக்கொண்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

குளியலறையில் ஒரு விசிலைத் தொங்கவிட்டபோது மாமனார் பொறுமையிழந்தார். "நான் என்ன போக்குவரத்து போலீஸா? குளிக்கிற இடத்துல எதுக்கும்மா இது?"

"இருந்துட்டுப் போகட்டும் மாமா. சோறா கேட்குது?"

அது வந்தது ஒரு காலை நேரத்தில். கணவன் முதல் நடைக்குப் போயிருந்தான். மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மாமனார் குளிக்கப் போயிருந்தார். அவள் கடைச் சாவியைக் கையில் எடுத்தபோது, கட்டடத்துக்கடியில் ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுத்த மாதிரி ஒரு உறுமல். தரை பக்கவாட்டில் இழுத்தது. மகள் தட்டுச் சத்தத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை, மேசைக்கடியில் இருந்தாள். அவளும் தவழ்ந்து போய் மேசைக் காலைப் பிடித்தாள். சமையலறையில் பாத்திரங்கள் அருவி மாதிரி கொட்டின. பீரோ முறுக்கிக்கொண்டு முனகியது, விழவில்லை.

நின்றபோது வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி.

"மாமா" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. குளியலறைக் கதவு நிலைச்சட்டத்தோடு கோணிப்போய், தள்ளினால் அசையவே இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மகள் அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் உள்ளேயிருந்து விசில் ஊதியது. விட்டு விட்டு, ஆத்திரமாக.

அவளுக்கு உயிர் வந்தது. கடப்பாரையை எடுத்து, தாழ்ப்பாள் பக்கத்து இடுக்கில் சொருகி, மகளும் தானுமாக நெம்பினார்கள். கதவு பிளந்துகொண்டு திறந்தது. மாமனார் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் துண்டோடு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. தூசி அடைத்துக் குரலே எழும்பவில்லை. வாயில் விசில். அவளைக் கண்ட பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார்.

"போதும் மாமா, வந்துட்டேன்" என்றாள்.

தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. "சட்டையை எடும்மா. இப்படியே கீழே போனா பூகம்பமே பரவாயில்லைன்னுடுவாங்க."

மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு மூட்டைகளோடு கதவைத் திறந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை பதித்திருந்த கண்ணாடிகள் அத்தனையும் படிகளில் கிடந்தன. ஒவ்வொரு மாடியிலும் ஜனங்கள் வெறுங்காலோடு நின்று தவித்துக்கொண்டிருந்தார்கள். முதல் மாடிக் கணக்கர் ஏற்கெனவே ஒரு அடி வைத்து, ரத்தம் ஒழுகும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி அவளுக்குத் தெரிந்த பொருள். எங்கே குத்தும், எதற்கு அடங்கும் என்பது கைக்கே தெரியும். "யாரும் இறங்காதீங்க" என்று குரல் கொடுத்தாள். "கேஸை மூடிட்டு வாங்க. மெத்தை, ஜமுக்காளம், மிதியடி, தடிமனா எது இருந்தாலும் என்கிட்ட போடுங்க." மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மெத்தைகள் வந்தன. படிமேல் படியாக விரித்துக்கொண்டே அவள் முன்னால் இறங்கினாள். பின்னால் மாமனார் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் மூட்டைகளையும் தண்ணீர் கேன்களையும் தூக்கிக்கொண்டு கட்டடமே. கணக்கரின் காலுக்கு அவளே கட்டுப் போட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அப்புறம் பேசலாம் சார். எந்திரிங்க, அடுத்த ஆட்டம் வரும்."

எல்லோரும் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் அது வந்தது. கட்டடத்தின் மாடிச் சுவர் ஒன்று சரிந்து, காலியான வாசலில் விழுந்தது.

போன்கள் வேலை செய்யவில்லை. மேம்பாலம் விரிசல் விட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். கணவனின் பேருந்து தினமும் போகும் பாலம் அது. அவள் கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டு எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள். கை ஊற்றியது, கண் சாலையை விட்டு நகரவில்லை. மகள் கையைப் பிடித்து, "அப்பா வந்துடுவார்மா" என்றாள். அவள் தலையாட்டினாள்.

வெயில் சாயும் வேளையில் சாலை முனையில் ஒரு ஹாரன். பேருந்து மெதுவாக, இடிபாடுகளைச் சுற்றி வளைந்து வந்தது. உள்ளே மூச்சுவிட இடமில்லை. வழியில் நின்றவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கேட்டுக்கு நேராக நிறுத்தி இறங்கியவன் சட்டையெல்லாம் தூசி.

"பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆட ஆரம்பிச்சுது. பின்னால இருந்தவங்க போ போன்னு கத்தினாங்க. நான் காலி மனையில ஏத்தி நிறுத்திட்டேன்" என்றான். பிறகு மெதுவாக, "வீட்டுக்குப் போகலை. நேரா இங்கதான் வந்தேன்" என்றான்.

அவள் அதுவரை அழவில்லை. அவன் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வயசானவங்களுக்கு பஸ் சீட்டைக் கொடுங்க, வெளியே குளிரும்" என்று வேலையைப் பிரித்தாள்.

நாலு பேருக்கு ஒரு வாரம் வரும் என்று சேர்த்தது அத்தனை பேருக்கு எம்மாத்திரம்? "உங்க வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வச்சுக்கோங்க அக்கா" என்றாள் கணக்கரின் மனைவி. அவள் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்து நடுவில் வைத்தாள். தண்ணீர் லாரி மைதானத்துக்குள் நுழையும் வரை யாரும் நா வறண்டு கிடக்கவில்லை. மரத்தூள் பிஸ்கட்டை மாமனார்தான் முன்நின்று விநியோகித்தார். "சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது" என்று கைக்குக் கை கொடுத்தார். தான் மட்டும் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தில் ஒரு உயிரும் போகவில்லை.

சுவர்களைச் சரிசெய்து ஜனங்கள் வீடு திரும்பியதும், கணக்கர் துளையிடும் இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றார். "எங்க வீட்டு அலமாரி ஆறடி உசரம். எங்க துளை போடணும்னு மட்டும் சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்." அன்று அவர் சுவரில் போட்ட துளைகளில் பாதி வீண். மீதிப் பாதியில் அலமாரி அசையாமல் நின்றது. அவர் அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்து, மனைவியையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

பெயர் மாறவில்லை. இப்போதும் பூகம்ப அக்காதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்தும் அதற்கடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் கடைக்கு வருகிறார்கள். போன வாரம் ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கண்ணாடி வாங்க வரவில்லை. "எங்க வீட்டை ஒருதடவை வந்து பார்க்க முடியுமாக்கா? எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை."

அவள் கடையின் ஷட்டரை இழுத்து மூடினாள். அரைநாள் வியாபாரம் போனால் போகிறது. இரண்டு தெரு நடந்து, அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"குழந்தை எங்க தூங்கும், முதல்ல அதைக் காட்டு."