தேருக்கும் நவராத்திரிக்கும் இடையில்

சென்ற ஆண்டுத் தேரன்று என் மார்பில் எதுவும் இல்லை. வெற்று மேலுடன்தான் வடம் பிடித்தேன். நவராத்திரியின் முதல் நாள், சட்டை உரசியபோது இடப்பக்க முலைக்காம்பு வலித்தது. தைப்பொங்கலுக்குள் அதன் கீழே ஒரு மேடு எழுந்துவிட்டது, பருவப்பெண்ணுக்கு எழுவதுபோல.

சுவிஸிலுள்ள எங்கள் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நான் வாசலில் கார் நிறுத்துமிடத்தைக் கவனிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"என்ன அண்ணை, இந்தக் குளிருக்கை வெளியிலை? அம்மனோட கோபமோ?" என்றான், என்னுடன் வழக்கமாக வடம் பிடிக்கும் நண்பன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி ஒருநாள் தற்செயலாகத் தொட்டுவிட்டுக் கையை எடுக்கவேயில்லை. "எங்கட இல்லத்தில ஒரு ஐயாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. அது கான்சர். டொக்டரிட்ட போறம், ஓமோ?"

ஆண்களுக்கும் அது வரும் என்று நானும் வாசித்திருந்தேன். அதனால்தான் அதுவரை அவளுக்கு மேட்டை மறைத்துவந்தேன்.

ஆராவ் மருத்துவமனையில் காத்திருந்தவர்களில் ஆண் நான் ஒருவனே. ஒரு பெண்மணி தன் பையை எடுத்து எனக்கு இடம் விட்டார்.

"எப்போதிருந்து?" என்று மருத்துவர் கேட்டார். தேருக்கும் நவராத்திரிக்கும் இடையில் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவை எந்தெந்த மாதங்கள் என்று கேட்டு, இரண்டு திருவிழாக்களின் பெயர்களையும் எழுத்துக் கூட்டச் சொல்லி ஜெர்மன் குறிப்பில் பதிந்தார். அந்த இடைவெளியில் புதிதாக ஏதாவது மாத்திரை? ஆம், இதயத்துக்கு ஒன்று, செப்டம்பரில். பேனா ஒரு கணம் நின்றது.

பிறகு மேட்டை விரல்களால் சுற்றிவந்து, கவராயம் போன்ற கருவியால் நீளமும் அகலமும் அளந்து, மார்பின் படம் ஒன்று வரைந்து அதில் குறித்தார். குளிர்ந்த பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்தபோது, திரையின் இருட்டில் காம்புக்குப் பின்னால் விசிறி விரிந்ததுபோல் ஒன்று தெரிந்தது.

"பால் சுரப்பி" என்றார். "எல்லா ஆண்களுக்கும் பிறப்பதற்கு முன்பே உண்டு. பெரும்பாலும் கடைசிவரை உறங்கும். உங்களுடையதை மாத்திரை எழுப்பியிருக்க வேண்டும்."

அறுபது வயதைக் கடந்தவன் நான். கடல் கடந்தபோதும், அகதி முகாமில் கிடந்தபோதும், என் தாயின் உடம்பிலிருந்ததன் சிறு நகல் ஒன்று என்னோடு கூடவே வந்திருக்கிறது. திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

மார்பக எக்ஸ்-ரே படமும் எடுத்தார்கள். முடிவை மருத்துவரே தொலைபேசியில் சொன்னார்: புற்றுநோய் இல்லை, மாத்திரையை மாற்றுவார்கள், மேடு வற்றலாம், வற்றாமலும் போகலாம். மனைவி குசினியில் அடுப்பருகே நின்று அழுதாள்.

இவ்வாண்டுத் தேரன்று மேடு பாதிதான் வற்றியிருந்தது. சட்டையைக் கழற்றினேன். நண்பன் உற்றுப் பார்த்தான்.

"அண்ணை, வீட்டில பால் குடிக்கிற பிள்ளை ஆரும் இருக்கோ?"

"ஓம், உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தனான். வா."

அவன் சிரித்த சிரிப்பில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வடத்தை மார்போடு அணைத்துப் பிடித்தேன். கொஞ்சம் வலித்தது. தேர் அசைந்தது.